பல் பதிந்த கட்டுக்கற்கள்

மூன்றாம் கவிகையில் குழந்தை பிறந்தால் வீட்டுக்கு மூன்று சங்கதிகள் வந்து சேரும்: பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் பங்குக் காற்று வருவதற்கான தனிக் குழாய், நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு கட்டுக்கற்கள். சான்றிதழ் தொலைந்தால் நகல் கிடைக்கும். குழாய் அடைத்துக்கொண்டால் பழுது பார்க்க ஆள் வரும். கட்டுக்கற்களை மட்டும், ஏழு வயது முடிகிற மாதத்தில், வைத்திருந்த பெட்டியோடும் வீட்டு இயந்திரத்தோடும் கொண்டுபோய்க் குடிமக்கள் வளர்ச்சி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏன் என்று அரசாங்கம் சொன்னதில்லை. ஏன் என்று கேட்கிற வழக்கம் மக்களுக்கும் இல்லை.

கவிகை என்பது செவ்வாய் கிரகத்தின் மண்மேல் கவிழ்த்து வைத்த பெரிய கண்ணாடிக் குடை. இருபதாயிரம் பேர் அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுக்கல் என்பது பழைய பூமியின் குப்பைமேடுகளில் தோண்டியெடுத்த பிளாஸ்டிக்கில் செய்த சின்னத் துண்டு. தலையில் குமிழ்கள், அடியில் குழிகள். ஒன்றின் குமிழ் இன்னொன்றின் குழியில் 'டக்' என்று உட்காரும். அரசாங்கக் காகிதத்தில்தான் அது கட்டுக்கல், வீடுகளில் பிளாக்ஸ். செவ்வாயில் மனிதனின் எடை பூமியில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் வெறுங்காலால் பிளாக்ஸை மிதித்தால் மட்டும் பூமியின் முழு எடைக்கு வலிக்கும். விஞ்ஞானிகள் இதற்கு இன்னும் விளக்கம் தரவில்லை.

அறவாழி வீட்டில் அந்த ஆபத்து கிடையாது. அறவாழி, சேமிப்பு ஒழுங்குத் துறையின் துணை இயக்குநர். நாற்பத்தாறு வயது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, கேட்பவர் குறிப்பெடுக்க அவகாசம் கொடுப்பார். யாரும் எடுத்ததில்லை. 'கட்டுக்கல் பராமரிப்பு: ஓர் ஒழுங்கியல் அணுகுமுறை' என்ற நூலை எழுதி, துறைச் செலவில் வெளியிட்டு, அதன் பிரதிகளைத் தன் துறைக் கிடங்கிலேயே மிக ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்.

அவர் வீட்டுக் கூடத்தில் சக்கரம் வைத்த ஒரு கண்ணாடி அலமாரி நின்றது. தரையிலிருந்து ஆளுயரம். உள்ளே அறுபத்து நான்கு இழுப்பறைகள். நிறம் வாரியாக, குமிழ் எண்ணிக்கை வாரியாக, ஒவ்வொரு கல்லுக்கும் தனிக் குழி. தினமும் காலை ஆறு மணிக்கு 'அடுக்கி' என்ற வீட்டு இயந்திரம் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறையும் ஒளியால் எண்ணி, "ஐயா, குறையொன்றும் இல்லை" என்று அறிக்கை தரும். பிறகு கண்ணாடியைத் துடைக்கும். அதன்பிறகுதான் அறவாழி பல் துலக்குவார். சோபாவின் பாலிதீன் உறையைப் பிரிக்காமலே மூன்று தலைமுறை உட்கார்ந்து எழுந்த வம்சம் அவருடையது. கிரகம் மாறினால் ரத்தம் மாறுமா?

விருந்தாளிகள் வந்தால் அலமாரிக்கு முன்னால் நிறுத்தப்படுவார்கள்.

"ஏழு வருஷமா இப்படியே இருக்கா சார்?"

"பிரிச்ச அன்னைக்கு எப்படியோ, அப்படியே. முகர்ந்து பாருங்க, புது வாசனை போகல."

"பாப்பா விளையாடுறதில்லையா?"

"அவ ரொம்பச் சமத்து. தொடவே மாட்டா."

பாப்பாவின் பெயர் நறுமுகை. பிறந்தநாளன்று அவளுக்காக ஓர் இழுப்பறை திறக்கப்படும். வெள்ளைக் கையுறை மாட்டி, ஒரு கல்லை எடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, அதே குழியில் வைக்கலாம். ஐந்தாவது பிறந்தநாளில் நீலக் கல்லை எடுத்தவள் மாற்றிப் பச்சைக் குழியில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அறவாழி மகளைத் திட்டவில்லை. கேக் வெட்டாமல் அரைமணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

எதிர் வீட்டில் பிலோமினா இருந்தாள். கழிவுநீர்க் குழாய்களைப் பழுது பார்க்கும் வேலை. அவள் மகள் ஜெசிந்தாவுக்கும் நறுமுகைக்கும் ஒரே மாதத்தில் பிறந்தநாள். ஜெசிந்தாவின் பிளாக்ஸ் நடைபாதையில் கிடக்கும், காலணிக்குள் கிடக்கும், ஒருமுறை குழம்பில் கிடந்தது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அறவாழி கண்களை மூடிக்கொள்வார். அதனால்தான் அடிக்கடி மிதித்தார்.

ஒப்படைப்புக்கு ஒன்பது நாள் இருந்தபோது, அறவாழியின் மனைவி கயற்கண்ணிக்குப் பெரியப்பா மகனான சுந்தரேசு வீட்டுக்கு வந்தார். வளர்ச்சி அலுவலகத்தில் ஆவண எழுத்தர். பாசிக் காப்பியை ஊதி ஊதிக் குடித்தபடி அலமாரியையே பார்த்தார்.

"மாப்ள, இத இவ்வளவு பளபளன்னு வச்சிருக்கீங்களே, பாத்தா வயித்தக் கலக்குது."

"ஏன் மச்சான்? ஒரே ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

"அதான் கலக்குது. ஒண்ணு சொல்றேன், என் பேரு வெளிய வரக் கூடாது."

அவர் சொன்னது இதுதான். கவிகைகளை இயந்திரங்கள் கட்டலாம். ஆனால் திட்டத்தில் உள்ளதை மட்டும்தான் கட்டும். புழுதிப்புயல் ஒரு சுவரைப் பெயர்த்துப் போட்டால், திட்டத்தில் இல்லாத ஒன்றை அந்த நேரத்தில் நினைத்துக் கட்ட மனித மூளை வேண்டும். அப்படிப்பட்ட மூளையை ஏழு வயதில் அடையாளம் காண ஒரே வழி, அது எப்படி விளையாடியிருக்கிறது என்று பார்ப்பது. அலுவலகத்தில் 'தடயமானி' என்று ஓர் இயந்திரம் உண்டு. ஒவ்வொரு கல்லும் எத்தனை முறை இன்னொன்றோடு சேர்ந்தது, பிரிந்தது, விழுந்தது, யார் கை பட்டது, யார் பல் பட்டது எல்லாவற்றையும் அது படித்துவிடும். தேறுகிற குழந்தை கட்டுநர் பள்ளிக்குப் போகும். நாலாம் கவிகையில், வெளியே செவ்வாயின் மலைகள் தெரிகிற ஜன்னலோடு வீடு. தேறாத குழந்தைகள் வளர்ந்ததும் உணவுக்குப் பாசி வளர்க்கும் தொட்டி வேலைக்குப் போகும், அல்லது சேமிப்பு ஒழுங்குத் துறைக்கு. முன்கூட்டியே தெரிந்தால் பெற்றோர் டியூஷன் வைத்துவிடுவார்கள் என்பதால் அறுபது வருஷமாக ரகசியம்.

"எச்சில் பட்டிருந்தா மார்க்கு. பல்லு பட்டிருந்தா டபுள் மார்க்கு," என்றார் சுந்தரேசு. "உங்க பிளாக்ஸ்ல என்ன பட்டிருக்கு மாப்ள?"

அறவாழி தன் வாழ்நாளில் முதல் முறையாக வாக்கியத்தின் நடுவில் நிறுத்தாமல், ஆரம்பிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை விடுப்பு எடுத்தார். அறுபத்து நான்கு இழுப்பறைகளையும் உருவிக் கூடத்தில் கவிழ்த்தார். சடசடவென்று வண்ண மழை. அடுக்கி திகைத்து மூன்று முறை எச்சரிக்கை விளக்கை எரித்தது. அறவாழி இயந்திரத்தின் விசையை அணைத்து வைத்தார்.

"நறுமுகை, வாம்மா. விளையாடு."

அவள் வாசற்படியிலேயே நின்றாள். "கையுறை எங்கப்பா?"

"வேண்டாம். வெறுங்கையால விளையாடு. எப்படி வேணா விளையாடு. வாயில போட்டுக்கோ."

"உடம்பு சரியில்லையாப்பா?"

"நல்லாத்தான் இருக்கேன். விளையாடும்மா, எட்டு நாள்தான் இருக்கு!"

அவள் குவியலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரம் யோசித்தாள். பிறகு ஒரு சிவப்புக் கல்லை எடுத்து வலது பக்கம் வைத்தாள். அடுத்த சிவப்பை அதன் பக்கத்தில். நீலத்தை இடது பக்கம். இரண்டு குமிழ் தனி, நாலு குமிழ் தனி. ஒரு மணி நேரத்தில் கூடம் முழுக்க நேர் நேரான வரிசைகள். கடைசியாக நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பாராட்டுக்கான ஏக்கம்.

"சரியா விளையாடினேனாப்பா? பெட்டியில வச்சிரட்டா?"

கயற்கண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே பாத்திரம் எதுவும் விழவில்லை. விழுந்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

அடுக்கியை வைத்துக் கற்களைச் சேர்த்துப் பிரிக்கலாமா என்று யோசித்தார் அறவாழி. இயந்திரத்தின் அழுத்தம் சீராக இருக்கும், மாட்டிக்கொள்வோம். எனவே கணவனும் மனைவியும் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அவள் சேர்ப்பாள், பிரிப்பாள், சுவரில் எறிவாள். அவர் கடிப்பார். ஒரு நாளைக்கு ஐந்நூறு கல் என்று இலக்கு. முதல் நாள் ஈறு வீங்கியது. மூன்றாம் நாள் கீழ்வரிசைப் பல் ஒன்றில் சில்லு பெயர்ந்தது. அவ்வளவு நேரமும் நறுமுகை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பெரியவர்கள் விளையாடும்போது குறுக்கே வரக் கூடாது என்று அவளே முடிவுசெய்துகொண்டாள்.

நாலாம் நாள் மதியம் கயற்கண்ணி படுத்துவிட்டாள். அறவாழியின் கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பச்சைக் கல்லை மஞ்சளின் மேல் அழுத்தினார். அதன் மேல் கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்பு. பிரிக்க வேண்டியது. பிரிக்கவில்லை. இன்னொன்று வைத்தார். சுழன்று சுழன்று மேலே போகிற ஒரு படிக்கட்டு வந்தது. எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை; தெரிந்துகொள்ள இன்னும் நாலு படி வைத்தார். மூன்று மணி நேரம் போயிருந்தது. தன் வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"அப்பா, கலர் மாறி மாறி இருக்கு," என்றாள் நறுமுகை, கவலையோடு. "நான் சரி பண்ணட்டா?"

திருட்டு வேலையில் பிடிபட்டவர் போல அதைப் படபடவென்று பிரித்துப் போட்டார்.

ஏழாம் நாள் கதவு திறந்தே கிடந்தது. பிலோமினா எட்டிப் பார்த்தாள். துணை இயக்குநர், தரையில் மண்டி போட்டு, எட்டுக் குமிழ் சிவப்புக் கல் ஒன்றைக் கடைவாயில் வைத்து, கண்ணை இறுக மூடி, முழு பலத்தோடு கடித்துக்கொண்டிருந்தார். தாடையில் எச்சில் வழிந்தது.

"சார்... பசிக்குதா?"

கல் வாயிலிருந்து விழுந்தது. "இது... ஓர் ஒழுங்கியல் ஆய்வு."

"ஓ." அவள் அதை நம்பினாள். அவர் நூல் எழுதியவர் அல்லவா. "நீங்கதான் சார் சொல்லணும். எங்க பிளாக்ஸ்ல இருநூறுக்குக் கிட்ட தொலஞ்சு போச்சு. பாதி டிரெய்னேஜ்ல கெடக்கு. இருக்கிறதும் நாய் கொதறுன மாதிரி இருக்கு. ஜெசியத் திட்டுவாங்களா சார்? நேத்துலேர்ந்து அழுவுது."

ஒரு வாக்கியம் போதும். 'கவலைப்படாதே, அதுதான் நல்லது' என்று சொல்லியிருக்கலாம். எதிர் வீட்டுக் குழந்தைக்கு ஓர் இடம் போனால் தன் மகளுக்கு ஓர் இடம் குறையுமோ என்ற கணக்கு அதற்குள் மனதில் ஓடி முடிந்திருந்தது.

"கஷ்டம்தாம்மா," என்றார் அறவாழி. "கொஞ்சம் முன்னாடியே கண்டிச்சு வளர்த்திருக்கணும்."

அவள் தலை குனிந்து போனாள். அவள் போன பிறகு அவர் நெடுநேரம் எதையும் கடிக்கவில்லை. பிறகு கடித்தார்.

ஒப்படைப்பு நாள். வளர்ச்சி அலுவலகத்தின் முன்னால் வரிசை வளைந்து நின்றது. அலமாரியைத் தள்ளிக்கொண்டு, அடுக்கியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்த அறவாழி, தாடையைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டார். முன்னால் நின்ற நீதிபதிக்கும் தாடையில் கட்டு. அவருக்கு முன்னால் நின்ற கல்லூரி முதல்வரின் கன்னம் பூசணி போல வீங்கியிருந்தது. பல் மருத்துவரே வரிசையில் இருந்தார், பல்லில் துணியைக் கடித்தபடி.

"உங்களுக்கு யாரு சொன்னா?" என்று நீதிபதி வாயைத் திறக்காமலே கேட்டார்.

"பேரு வெளிய வரக் கூடாதுன்னாரு."

"சுந்தரேசா?"

அதற்குமேல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வரிசையிலேயே வலியில்லாமல் நின்றது பிலோமினா மட்டும்தான். இரண்டு சாக்குகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜெசிந்தா மூக்கை உறிஞ்சியபடி பின்னால் போனாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தபோது பிலோமினாவின் முகம் குழம்பிப்போயிருந்தது.

"சார், திட்டவே இல்ல சார். அந்த மேடம் எந்திரிச்சு நின்னு இவளுக்குக் கை குடுத்தாங்க. கட்டுநர் பள்ளியாம். எதுக்கு சார் குடுத்தாங்க?"

அறவாழி சாக்கைப் பார்த்தபடி, "நல்லது, நல்லது," என்றார்.

அவர் முறை வந்தது. ஆய்வாளர் மெஹருன்னிசா முப்பது வயதுப் பெண், சோர்ந்த கண்கள். காலையிலிருந்து அவள் என்னென்ன பற்களைப் பார்த்தாளோ. அலமாரியைத் தடயமானிக்குள் தள்ளினார்கள். இயந்திரம் கொஞ்சம் முனகிவிட்டு, தெளிவான செந்தமிழில் அறிவித்தது:

"கற்கள் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. குறைவில்லை. முதல் ஆறு ஆண்டு பதினொரு மாதங்கள்: பயன்பாடு இல்லை. கடைசி எட்டு நாள்கள்: கடுமையான பயன்பாடு. பற்தடங்கள் ஒன்பதாயிரத்து இருநூறு. கடித்தவர் ஆண், வயது நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தேழு, இடது கடைவாய்ப்பல்லுக்கு மூடி போட்டவர், ரத்தக் கொதிப்பு உண்டு."

அறைக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது அறவாழியேதான்.

"உக்காருங்க சார்," என்றாள் மெஹருன்னிசா. "காலைலேர்ந்து எல்லாம் இந்த மாதிரிதான். ஆனா உங்களோடதுல ஒண்ணு இருக்கு. நாப்பத்தாறு கல்லு, மூணு மணி நேரம், ஒரே உருவமா சேர்ந்து நின்னிருக்கு. படிக்கட்டு மாதிரி. அது யாரு?"

"நான்தான்." ஒப்புக்கொள்வதில் எல்லாவற்றையும் விட இதுதான் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அழகா வந்திருக்கும். ஏன் பிரிச்சீங்க?"

அறவாழி தாடைக் கைக்குட்டையை நாலாக மடித்தார். அவள் அடுக்கியின் பக்கம் திரும்பினாள். விதிப்படி வீட்டு இயந்திரத்தின் சாட்சியமும் வேண்டும்.

"குழந்தை இந்தக் கற்களோடு விளையாடியதற்கு உன்னிடம் பதிவு உண்டா?"

"இல்லை அம்மா," என்றது அடுக்கி. "துடைத்த பதிவு மட்டும் உண்டு. அலமாரிக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தினமும் குழந்தையின் இரு உள்ளங்கைகளும், மூக்கு நுனியும், வாயின் ஆவியும் இருக்கும். முதல் பதிவு தரையிலிருந்து அறுபத்து நான்கு செண்டிமீட்டர் உயரத்தில். கடைசிப் பதிவு நூற்றுப் பதினொன்றில். மொத்தம் இரண்டாயிரத்து முப்பத்தேழு காலைகள். ஐயா கூடத்துக்கு வருவதற்குள் துடைத்துவிடுவேன். கண்ணாடியில் கறை இருக்கக் கூடாது என்பது ஐயாவின் கட்டளை."

மெஹருன்னிசா எதையும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

சுவரோரம் நின்ற நறுமுகையின் முகம் சிவந்துவிட்டது. ஓடிவந்து அடுக்கியின் உலோகக் கையைப் பிடித்து இழுத்தாள். "அதெல்லாம் ஏன் சொல்ற? யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்ல!" பிறகு அப்பாவிடம், நிமிராமல்: "சாரிப்பா. இனிமே கண்ணாடியத் தொட மாட்டேன்."

அறவாழி வாயைத் திறந்தார். ஒன்பதாயிரத்து இருநூறு முறை கடித்த வாய், ஒரு சொல்லைக் கூட வெளியே விடவில்லை. காது மடல் வரை சூடேறியது. தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார், நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"விதியில ஒரு வழி இருக்கு சார்," என்றாள் மெஹருன்னிசா, மெல்லிய குரலில். "குழந்தை விளையாடாத கல்லுன்னா இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கலாம். அலமாரியும் இயந்திரமும் இங்கயே இருக்கட்டும். கல்ல சாக்குல போட்டுத் தர்றோம். தரையில கொட்டிட்டு நீங்க அறைய விட்டு வெளிய போயிடுங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய வேணாம். தயவுசெஞ்சு வேற ஒண்ணும் செய்யாதீங்க."

"நிச்சயமாம்மா," என்றார். அப்போது மனதாரத்தான் சொன்னார்.

தோளில் சாக்கும் கையில் மகளின் விரல்களுமாக வெளியே வந்தார். செவ்வாயில் சாக்கு கனக்காது. அவருக்குக் கனத்தது. மகளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே நடந்தார். அலுவலக மதில் முடிகிற இடத்தில் ஒரு கூட்டம். தமிழன் வாழும் கிரகத்தில் காலையில் ஒரு தேர்வு தெரியவந்தால் மதியத்துக்குள் அதற்கு டியூஷன் வந்துவிடும். மேசை போட்டு, பலகை மாட்டி, சுந்தரேசு உட்கார்ந்திருந்தார். பலகையில்: 'கலைத்தல் பயிற்சி மையம். சிதறல், வீசல், கடித்தல் ஆகியவை அனுபவமிக்க ஆசிரியர்களால் கற்றுத் தரப்படும். சாக்குடன் வரும் பெற்றோருக்கு முன்னுரிமை.'

அறவாழி கடந்துபோகத்தான் நினைத்தார். நாலு தப்படி கடந்தும் விட்டார். நீதிபதி வரிசையில் நிற்பது தெரிந்தது. கல்லூரி முதல்வர் நிற்பது தெரிந்தது.

"மாப்ள!" என்று சுந்தரேசு கையை ஆட்டினார். "காலை வகுப்பு ரொம்பிடுச்சு. சாயங்காலத்துல மூணு இடம்தான் இருக்கு. யோசிச்சா போயிடும்."

அறவாழியின் கால்கள் திரும்பின. சாக்கை இறக்கி வைத்தார். விண்ணப்பத்தை வாங்கினார். பெயர், வயது, தந்தையின் பதவி வரை பேனா தயங்காமல் ஓடியது. அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டது.

'குழந்தைக்கு மிகவும் பிடித்த விளையாட்டு.'

யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். மறுபடியும் காது மடல் சூடேறியது. குரலைத் தாழ்த்தி, முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டார்.

"சார், இதுக்கு நீங்க என்ன போட்டீங்க?"

"வீடு கட்டுதல்," என்றார் நீதிபதி. "எல்லாரும் அதான் போட்டிருக்காங்க."

"எழுத்துப் பிழையில்லாமச் சொல்லுங்க."

நீதிபதி தன் காகிதத்தைச் சாய்த்துக் காட்டினார். அறவாழி பார்த்து எழுதினார். அவர் இடது கையின் சுண்டுவிரலைப் பிடித்தபடி நறுமுகை பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.